இரகசியத்தின் ஆயுள்

இரண்டாம் உலக யுத்தம் உச்சத்தில் இருந்த 1943-ஆம் ஆண்டில், அமெரிக்க ராணுவத்தின் சங்கேத ஆராய்ச்சிப் பிரிவினர், அப்போது தங்கள் நேச நாடாக இருந்த சோவியத் ரஷ்யா தன் தூதரகங்களோடு பரிமாறிக்கொண்ட தந்திச் செய்திகளை, அவற்றில் ஒரு சொல்லும் தமக்கு விளங்காத நிலையிலேயே, ஆராய முற்பட்டனர். ஒரே ஒரு முறை பயன்படுத்திவிட்டு அழித்துவிட வேண்டிய சாவித்தாள்களைக் கொண்டு ரஷ்யர்கள் அச்செய்திகளை மறைத்து எழுதியிருந்தனர். விதிப்படி நடந்திருந்தால் அந்த முறையை எக்காலத்திலும் எவராலும் உடைத்திருக்க முடியாது. ஆனால் 1942-ஆம் ஆண்டின் யுத்த நெருக்கடியில் சில தாள்கள் இருமுறை அச்சாகிவிட்டன என்பது, சேர்த்துவைத்த செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரியவந்தது. 'வெனோனா' என்று பெயர்பெற்ற அந்த முயற்சி 1980 வரை நீடித்தது. ஏறத்தாழ 3,000 செய்திகள் முழுமையாகவோ பகுதியாகவோ படிக்கப்பட்டன. அவற்றுள் பல, எழுதப்பட்டு நெடுங்காலம் கழிந்த பிறகே பொருள் புலப்பட்டவை.

ஒரு செய்தியை அது சென்ற நாளில் எவரும் படிக்கவில்லை என்பதால் மட்டும் அது காப்பாற்றப்பட்டுவிட்டதாகாது என்பதையும், அதை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் பொறுமையும் வசதியும் உள்ள ஒருவர் இருக்கும்வரை அபாயம் நீங்குவதில்லை என்பதையும் அந்த வரலாறு நமக்குத் தெளிவாக உணர்த்துகிறது. இன்று சேமிப்புச் சாதனங்கள் மலிந்துவிட்டன. இணையத்தின் முதுகெலும்பாகிய கம்பிகளில் ஓடும் சம்பாஷணைகளைப் பிரதி எடுத்து வைத்துக்கொள்ளும் ஆற்றல் பெரிய சர்க்கார்களுக்கு உண்டு. பூட்டிய நிலையில் இன்று சேகரிக்கப்படும் செய்திகளைத் திறக்கக்கூடிய புதிய யந்திரம் ஒன்று பிற்காலத்தில் தோன்றுமானால், அதற்கான கதவை இன்றே அடைத்துவைப்பது எவருடைய கடமை? அக்கடமையை, நடுவில் ஒரு தலைமைக் கணினியும் இல்லாமல், தன்னார்வத்தால் சேர்ந்த ஆயிரக்கணக்கானோரின் கணினிகளையே நம்பி நிற்கும் 'பியர்-டு-பியர்' மென்பொருள்கள் எவ்வாறு நிறைவேற்ற முடியும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில், இன்றைய இரகசியம் எதன்மேல் நிற்கிறது என்று பார்ப்போம். ஒருவரையொருவர் முன்பின் சந்தித்திராத இருவர், எல்லோரும் ஒட்டுக்கேட்கும் வெளியிலேயே பேசி, தமக்குள் மட்டும் தெரிந்த ஒரு சாவியை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்பதை, 1976-ஆம் ஆண்டில் விட்ஃபீல்ட் டிஃபி, மார்ட்டின் ஹெல்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் உலகறியக் காட்டினார்கள். அவர்களுடைய யுக்தி, முன்னோக்கிச் செய்ய எளிதாயும் பின்னோக்கிச் செய்ய மிக அரிதாயும் உள்ள ஒரு கணக்கைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட எண்ணை அதனாலேயே பல முறை பெருக்கி, ஒரு பெரிய பகா எண்ணால் வகுத்து மீதியைக் காண்பது கணினிக்கு ஒரு நொடியும் ஆகாத காரியம். ஆனால் மீதியை மட்டும் கொடுத்து, எத்தனை முறை பெருக்கப்பட்டது என்று கேட்டால், எண்கள் போதிய அளவு பெரியனவாக இருக்கும்போது, இன்றைய கணினிகள் அனைத்தும் கூடினாலும் விடை கிடைப்பதில்லை. 1985-ஆம் ஆண்டில் நீல் கோப்லிட்ஸும் விக்டர் மில்லரும், தனித்தனியே, இதே தத்துவத்தை நீள்வட்ட வளைவரைகள் எனப்படும் கணித உருவங்களின்மேல் நிறுவினார்கள். அதனால் சாவிகள் மிகச் சிறியனவாயின. டேனியல் பெர்ன்ஸ்டைன் வடிவமைத்த 'கர்வ் 25519' என்ற வளைவரையில் எல்லோரும் அறியத் தருகின்ற பொதுச் சாவிக்கு 32 பைட்டுகளே போதும். இந்தச் சிறுமைதான் அதை அந்தரங்கம் பேணும் மென்பொருள்கள் பலவற்றின் உயிர்நிலையாக்கியது.

அந்த உயிர்நிலையையே தாக்கும் சூத்திரத்தை 1994-ஆம் ஆண்டில் பெல் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த பீட்டர் ஷோர் கண்டறிந்தார். மேற்சொன்ன கணக்குகளுக்குள், வெளிக்குத் தெரியாத ஒரு சுழற்சி இருக்கிறது. குறிப்பிட்ட இடைவெளிக்கு ஒருமுறை மதிப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. அந்த இடைவெளி தெரிந்துவிட்டால், ஒருவர் தம்மிடமே மறைத்து வைத்திருக்கும் அந்தரங்கச் சாவியும் தெரிந்துவிடும். சாதாரணக் கணினிக்கு அது எட்டாதது. ஆனால் அணுவுலகின் விதிகளின்படி இயங்கும் குவாண்டம் கணினியில், எண்ணற்ற மதிப்புகளின் கலப்புநிலை ஒன்றை உண்டாக்கி, அலைகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் கொள்வதுபோலத் தவறான விடைகளை அழித்துச் சுழற்சியின் அளவை மட்டும் ஓங்கச் செய்யலாம் என்று ஷோர் நிரூபித்தார். பரவலாக வழங்கும் மற்றொரு பொதுச் சாவி முறையாகிய ஆர்.எஸ்.ஏ., டிஃபி–ஹெல்மன், நீள்வட்ட வளைவரை ஆகிய மூன்றும் இந்த ஒரே சூத்திரத்துக்கு வீழ்கின்றன. சாவி ஏற்பட்டபின் செய்தியை மறைக்கப் பயன்படும் ஏ.இ.எஸ். போன்ற முறைகளுக்கு இத்தகைய ஆபத்து இல்லை. 1996-இல் லவ் குரோவர் கண்ட மற்றொரு சூத்திரம் அவற்றின் பலத்தை ஓரளவு குறைப்பது உண்மையாயினும், 256 பிட் சாவிக்கு எஞ்சும் வலிமை போதுமானதென்று கருதப்படுகிறது. ஆகவே நாம் மாற்றவேண்டியது சாவியை உண்டாக்கும் முறையையும், பேசுபவர் இன்னார் என்று உறுதிசெய்யும் கையொப்ப முறையையும் மட்டுமே.

அத்தகைய குவாண்டம் கணினி இன்று இல்லை. இருக்கும் யந்திரங்கள் சிறியவை, பிழை மலிந்தவை. ஆயினும் தேவைப்படும் யந்திரத்தின் அளவு, கணிதச் சாமர்த்தியத்தாலேயே சுருங்கிவருகிறது என்பதை மறக்கலாகாது. 2048 பிட் ஆர்.எஸ்.ஏ. சாவியை 8 மணி நேரத்தில் உடைக்க, குவாண்டம் கணினியின் அடிப்படை அலகுகளாகிய கியூபிட்டுகள், குறைபாடுள்ளவையாக, 2 கோடி வேண்டும் என்று கிரேக் கிட்னியும் மார்ட்டின் எகெரோவும் 2019-இல் கணித்தார்கள். 2025-இல் அதே கிட்னி, ஒரு வாரத்துக்குள் அதே காரியத்தைச் செய்ய 10 இலட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள் போதும் என்று காட்டினார். கருவி வளரக் காத்திருக்கையிலேயே இலக்கும் நம்மை நோக்கி நகர்ந்து வந்திருக்கிறது.

இந்த நிலையில் எப்போது மாறுவது என்ற கேள்விக்குக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிஷேல் மோஸ்கா எளிய கணக்கு ஒன்றை வகுத்தார். ஒரு செய்தி எத்தனை ஆண்டுகள் இரகசியமாக இருக்கவேண்டும் என்பதையும், புதிய முறைக்கு மாற எத்தனை ஆண்டுகள் பிடிக்கும் என்பதையும் கூட்டுக. அத்தொகை, குவாண்டம் கணினி தோன்ற எஞ்சியிருக்கும் ஆண்டுகளைவிட மிகுமானால், நாம் ஏற்கெனவே தாமதித்துவிட்டோம். முதல் தொகை சாமானியருடைய அரட்டைக்குக் குறைவாக இருக்கலாம். ஓர் அதிகாரியின் முறைகேட்டை வெளிப்படுத்தியவருக்கும், கொடுங்கோலாட்சியின் கீழ் வாழும் பத்திரிகையாளருக்கும், அது அவர்களுடைய வாழ்நாளளவு நீளும். இரண்டாம் தொகையோ, நம் பொருளாகிய தலைமையற்ற வலைகளில், வேறெங்கும் காணாத அளவுக்கு நீண்டதாகும். அதன் காரணத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம்.

2003-ஆம் ஆண்டு முதல் தன்னார்வலர்களால் வளர்க்கப்பட்டுவரும் 'ஐ2பி' என்ற வலை, பேசுபவர் யார், எங்கிருக்கிறார் என்பதையே மறைக்க முற்படுவது. அதில் சேர்ந்த ஒவ்வொரு கணினியும் தனக்காகப் பேசுவதோடு, பிறருடைய செய்திகளையும் சுமந்து அடுத்த கணினிக்குத் தருகிறது. ஒரு செய்தி, அனுப்புபவர் அமைத்த வெளிச்செல் பாதையில் சாதாரணமாக 3 கணினிகளையும், பெறுபவர் அமைத்த உட்செல் பாதையில் அவ்வாறே வேறு சிலவற்றையும் கடந்து செல்லும். எந்தக் கணினிக்கும் தனக்கு முன்னும் பின்னும் உள்ளவையன்றி வேறெதுவும் தெரியாது. யார் யார் வலையில் இருக்கிறார்கள் என்ற விலாசப் பட்டியலும் ஒரே இடத்தில் இராமல், பல கணினிகளில் பரவலாகக் கிடக்கிறது. இத்தகைய அமைப்பில், 'இன்ன தேதி முதல் எல்லோரும் புதிய முறைக்கு மாறுக' என்று ஆணையிட எவரும் இல்லை. ஆணையிட்டாலும், பல மாதங்களாகப் புதுப்பிக்கப்படாத கணினிகள் அதைக் கேட்பதில்லை. பழமையான எல்கமால் சாவிகளிலிருந்து கர்வ் 25519-க்கு ஐ2பி மாறிய வரலாறே, பழையதும் புதியதும் பல ஆண்டுகள் அருகருகே வாழவேண்டியிருந்ததைக் காட்டுகிறது.

இதற்கு மாறாக, 'சிக்னல்' என்ற செய்திச் செயலியை எடுத்துக்கொள்வோம். அதன் மென்பொருளை எழுதுபவரும் சர்வர்களை நடத்துபவரும் ஒரே ஸ்தாபனத்தார். ஆதலால் 2023 செப்டம்பரில் குவாண்டம் கணினிக்கு ஈடுகொடுக்கும் புதிய சாவி ஒப்பந்த முறையை அவர்கள் அறிவித்து, படிப்படியாக எல்லோருடைய கைபேசிக்கும் கொண்டுசேர்க்க முடிந்தது. தலைமை உள்ள இடத்தில் மாற்றம் ஒரு முடிவு; தலைமை இல்லாத இடத்தில் மாற்றம் ஒரு நீண்ட இணக்கம். அந்தரங்கத்தைப் பேணுவதற்காகவே தலைமையை விலக்கியவர்கள், அந்தச் சுதந்திரத்துக்கு விலையாகப் பிறரைக் காட்டிலும் முன்னதாகவே புறப்படவேண்டியவர்களாகிறார்கள். நான் வற்புறுத்த விரும்பும் கருத்து இதுவே.

புறப்படுவதற்கு வேண்டிய கணிதம் நமக்குக் கிட்டியிருக்கிறது. கோலத்துக்கு இட்ட புள்ளிகளைப்போல ஒழுங்காகப் பரந்து கிடக்கும் புள்ளிகளை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆனால் அவை தரையின் இரு பரிமாணங்களில் அடங்காமல், நூற்றுக்கணக்கான பரிமாணங்களில் பரவியிருப்பதாகக் கொள்ளுங்கள். இவ்வமைப்புக்கு 'லாட்டிஸ்' என்று பெயர். அப்புள்ளிகளில் ஒன்றிலிருந்து சற்றே விலகிய ஓரிடத்தைக் காட்டி, இதற்கு மிக அருகில் உள்ள புள்ளி எது என்று கேட்டால், தரைக்கோலத்தில் குழந்தையும் விடை சொல்லும். நூற்றுக்கணக்கான பரிமாணங்களிலோ, சாதாரணக் கணினிக்கும் சரி, குவாண்டம் கணினிக்கும் சரி, விரைவான வழி எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. ஷோரின் சூத்திரம் பிடித்துக்கொள்ளக்கூடிய சுழற்சி இங்கே அகப்படுவதில்லை. இவ்வகைக் கணக்குகளின் கடுமையைப் பற்றி 1996-இல் மிக்லோஷ் ஐதாய் செய்த ஆராய்ச்சியும், வேண்டுமென்றே சிறு பிழைகளைக் கலந்த சமன்பாடுகளைக்கொண்டு இரகசியத்தை மறைக்கலாம் என்று 2005-இல் ஓடெட் ரெகெவ் காட்டியதும், இத்துறைக்கு அஸ்திவாரமாயின.

அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய, தொழில்நுட்ப நிலையம் குவாண்டம் கணினிக்கு ஈடுகொடுக்கும் முறைகளைத் தேர்ந்தெடுக்க 2016-இல் உலக நிபுணர்களை அழைத்து ஒரு பகிரங்கப் போட்டியைத் தொடங்கிற்று. பல ஆண்டுப் பரிசீலனைக்குப் பிறகு, 2022 ஜூலையில் 'கைபர்' என்ற லாட்டிஸ் முறையைச் சாவி ஒப்பந்தத்துக்குத் தேர்ந்தெடுத்து, 2024 ஆகஸ்டில் 'எம்.எல்.-கெம்' என்ற பெயரால் அதைத் தரமாக வெளியிட்டது. கையொப்பத்துக்கான இரு தரங்களும் அதே நாளில் வெளிவந்தன. ஆனால் அதே போட்டி நமக்கு ஓர் எச்சரிக்கையையும் தந்தது. நீள்வட்ட வளைவரைகளையே வேறுவிதமாகப் பயன்படுத்திய 'சைக்' என்ற முறை, சாவிகள் சிறியனவாக இருந்தமையால் பலருடைய அபிமானத்தையும் பெற்று, 2022 ஜூலையில் அடுத்த சுற்றுக்குத் தேறியது. அந்த மாதம் முடிவதற்குள் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வூட்டர் காஸ்ட்ரிக், தோமாஸ் டெக்ரு என்ற இருவர், அம்முறையின் ஒரு வடிவத்தைச் சாதாரணக் கணினி ஒன்றில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்துக் காட்டினார்கள். குவாண்டம் யந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

இதிலிருந்து, புதியதை நம்பலாகாது என்று முடிவுகட்டுவது பிழை; பழையதை உடனே கைவிடலாகாது என்பதே சரியான பாடம். 2019-இல் கூகுளும் கிளவுட்ஃபிளேரும் சைக் முறையைச் சோதித்தபோது, அதைத் தனியே விடாமல் கர்வ் 25519-உடன் சேர்த்தே பயன்படுத்தின; ஆதலால் சைக் வீழ்ந்த நாளில் அச்சோதனையில் சென்ற செய்திகளுக்குப் பழைய பாதுகாப்பு அப்படியே எஞ்சி நின்றது. இரண்டு முறைகளாலும் இரண்டு இரகசியங்களை உண்டாக்கி, அவற்றை ஒன்றாகக் கலந்து இறுதிச் சாவியைப் பெறுவதே 'கலப்பு முறை'. எதிரி இரண்டையும் உடைத்தாலன்றிச் சாவி அவனுக்குக் கிட்டாது. ஐ2பி-யை எழுதுவோர் 2025-இல் மறைவிடத் தளங்களுக்காகச் சோதனை நிலையில் வெளியிட்டதும், கர்வ் 25519-ஐயும் எம்.எல்.-கெம்மையும் இணைத்த கலப்பு முறையே. இரு முனைகளுக்கும் இடையே ஓடும் சம்பாஷணையை முதலில் காத்து, கணினிக்குக் கணினி உள்ள இணைப்புகளை அடுத்ததாகக் கவனிப்பது என்ற அவர்களுடைய வரிசையும் பொருத்தமானது.

இனி, இக்காரியத்தின் உண்மையான சிரமத்துக்கு வருவோம். அது வேகத்தைப் பற்றியதன்று, எம்.எல்.-கெம் கணக்கிடுவதற்கு மிக விரைவானது. சிரமம் பருமனில் இருக்கிறது. நடுத்தர அளவாகிய எம்.எல்.-கெம் 768-இல், பொதுச் சாவி என்பது 768 எண்களின் வரிசை. ஒவ்வோர் எண்ணுக்கும் 12 பிட் வீதம் 1,152 பைட்டுகள், அத்துடன் ஒரு வித்தெண்ணுக்கு 32 பைட்டுகள், ஆக 1,184 பைட்டுகள். பதிலாக வரும் மறைசெய்தியோ 1,088 பைட்டுகள். முன்பு 32 பைட்டுகள் இருந்த இடத்தில் இவ்வளவு பெரியதைப் பொருத்தவேண்டும். ஐ2பி-யில் பாதைகளின் வழியே செல்லும் பொட்டலங்கள் அனைத்தும், அளவைக்கொண்டு ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறியலாகாது என்பதற்காகவே, 1,024 பைட்டுகள் என்ற ஒரே அளவில் அமைந்தவை. புதிய பாதையை அமைக்கும்போது இடைக்கணினி ஒவ்வொன்றுக்கும் உரிய குறிப்புக்கு 218 பைட்டுகளே இடம். மிகச் சிறிய எம்.எல்.-கெம் 512-இன் மறைசெய்தியே 768 பைட்டுகள் ஆகும்போது, அந்த இடத்தில் அது எவ்வாறும் அடங்காது. ஐ2பி-யைப்போலவே அநாமதேயம் பேணுவதும், 514 பைட்டுப் பொட்டலங்களைக்கொண்டு இயங்குவதுமாகிய 'டோர்' வலைக்கும் இதே இடர்ப்பாடு உண்டு. சாதாரண இணையதளத்துக்கு ஓர் ஆயிரம் பைட்டு மிகுவது பொருட்டல்ல. அளவின் சமத்துவத்தாலேயே அநாமதேயத்தைப் பேணும் வலைக்கோ அது அமைப்பையே மறுபடி எண்ணிப்பார்க்கச் செய்வது.

பருமனைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உண்டு. இவ்வலைகளைத் தடைசெய்ய விரும்பும் சர்க்கார்கள், கம்பியில் ஓடும் பொட்டலங்களின் சாயலைக்கொண்டே அவற்றை அடையாளம் காண முயல்கின்றன. அதனால் கர்வ் 25519-இன் சாவிகளை, தற்செயலான எண்களிலிருந்து வேறுபடுத்த முடியாதபடி உருமாற்றி அனுப்ப 'எலிகேட்டர்' என்ற யுக்தி கையாளப்படுகிறது. எம்.எல்.-கெம் சாவியின் எண்களோ 0 முதல் 3,328 வரை மட்டுமே செல்பவை; 12 பிட்டில் 4,095 வரை எழுத இடமிருந்தும், மேற்பகுதி எண்கள் ஒருபோதும் வருவதில்லை. உண்மையிலேயே தற்செயலான ஒரு வரிசையில், 768 எண்களும் அந்த வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுவது நிகழவே நிகழாது எனலாம். ஆகவே சாவியைத் திறந்தபடி அனுப்பினால், காவலில் நிற்பவன் அதைப் பார்த்த மாத்திரத்தில் இன்னதென்று சொல்லிவிடுவான். முதலில் பழைய முறையால் ஒரு தற்காலிகச் சாவியை உண்டாக்கி, அதன் மறைவில் புதிய சாவியைப் பொதிந்து அனுப்புவது இதற்கு ஒரு பரிகாரம். கலப்பு முறைக்கு இது இன்னொரு நியாயமாகவும் அமைகிறது.

அநாமதேயம் என்பது கூட்டத்தில் ஒருவராக இருப்பதனால் விளைவது என்பதையும் இங்கே கருதவேண்டும். புதிய முறையை முதன்முதல் ஏற்பவர் சிலரே ஆனால், தம்மைக் காத்துக்கொள்ள முயன்ற அந்தச் செயலே அவர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்துக் காட்டிவிடும். ஆகவே மென்பொருளை எழுதுவோர், விரும்பியவர் தேர்ந்துகொள்ளட்டும் என்று நெடுநாள் விட்டுவைப்பதில் பயனில்லை. போதிய சோதனைக்குப் பின், எல்லோருக்கும் இயல்பான ஏற்பாடாக அதை ஆக்கிவிடுவதே தர்மம். இடைக்காலத்தில், இரு வகைச் சாவிகளையும் ஒருசேர விளம்பரப்படுத்தி, வந்தவர் தமக்குத் தெரிந்ததைப் பயன்படுத்தச் செய்யலாம். அவ்வாறு செய்யும்போது, நடுவில் நிற்கும் ஒருவன் புதிய சாவியை மறைத்துவிட்டு இருவரையும் பழைய முறைக்கே இறக்கிவிடாதபடி, அவ்விளம்பரத்துக்குக் கையொப்பக் காப்பும் இருக்கவேண்டும்.

கையொப்பங்களைப் பொறுத்தவரை நமக்குச் சற்று அவகாசம் உண்டு. நாளை ஒருவன் என் கையொப்பத்தைப் போலியாக இடக் கற்றுக்கொண்டாலும், நேற்று நான் கையொப்பமிட்டு முடிந்த சம்பாஷணைக்குள் அவனால் புகமுடியாது. ஆனால் அந்த அவகாசம் சோம்பலுக்கு இடமாகலாகாது; ஏனெனில் இவ்வலைகளில் கையொப்பச் சாவியே ஒருவருடைய முகவரியாக இருக்கிறது. டோர் வலையின் மறைவிடத் தளங்களுக்குரிய 56 எழுத்து முகவரி, 32 பைட்டுக் கையொப்பச் சாவியைச் சிறு சரிபார்ப்புக் குறியோடும் பதிப்பெண்ணோடும் சேர்த்து எழுத்தில் வடித்ததேயாகும். கையொப்பத்துக்கான புதிய தரங்களுள் ஒன்றாகிய எம்.எல்.-டி.எஸ்.ஏ.-இன் மிகச் சிறிய பொதுச் சாவியும் 1,312 பைட்டுகள். அதை அப்படியே எழுதினால் முகவரி 2,000 எழுத்துகளைத் தாண்டும். சாவியின் சுருக்க முத்திரையை மட்டும் முகவரியாகக் கொள்ளலாம் என்றாலும், முகவரி மாறுவது மாறுவதே. பலரும் அறிந்த விலாசத்தை விட்டு இடம்பெயர்வதற்குக் காலம் வேண்டும்.

யாரும் முனைந்து சேகரிக்காமலே, வலையில் உள்ளோர் பலரும் கடந்தகாலக் கொடுக்கல் வாங்கல்கள் முழுவதையும் பேரேடாகப் பிரதி எடுத்து வைத்திருக்கும் இடமும் ஒன்றுண்டு. 2014-இல் தோன்றிய 'மொனேரோ' என்ற அந்தரங்க நாணயத்தில், பணம் கொடுத்தவர் யார் என்பது பல போலிச் சாவிகளின் நடுவே ஒளிக்கப்படுகிறது. ஒவ்வொரு கொடுப்பிலும், ஒரே பணத்தை இருமுறை செலவிடாதபடி ஓர் அடையாள எண் பதியப்படுகிறது. வளைவரைக் கணக்கைத் தலைகீழாகச் செய்யவல்ல யந்திரம் தோன்றினால், அந்தச் சாவிக் கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு பொதுச் சாவிக்கும் உரிய அந்தரங்கச் சாவியைக் கண்டு, எது அந்த அடையாள எண்ணைத் தருகிறது என்று ஒப்பிட்டு, உண்மையாகச் செலவிட்டவரின் சாவியைத் தெரிந்துகொள்ளலாம். அழிக்க முடியாத பேரேடு, நம்பிக்கைக்கு ஆதாரமாக இருப்பதுபோலவே, அந்தரங்கத்துக்கு நீங்காத அபாயமாகவும் இருக்கிறது.

ஆகவே செய்யவேண்டியவற்றின் வரிசை தெளிவாகிறது: முதலில் சாவி ஒப்பந்தத்தைக் கலப்பு முறைக்கு மாற்றுதல், அடுத்து, பொட்டலங்களின் அளவையும் சாயலையும் அதற்கேற்பச் சீரமைத்தல், பிறகு கையொப்பங்களையும் முகவரிகளையும் புதுப்பித்தல். இவற்றைச் செய்பவர்களில் பெரும்பாலோர் ஊதியம் கருதாமல் உழைப்பவர்கள். அவர்கள் எழுதும் மாற்றம் பயன் தருவதோ, தம் வீட்டுக் கணினியில் அம்மென்பொருளை இயக்கும் ஒவ்வொருவரும் காலந்தாழ்த்தாமல் புதிய பதிப்பை ஏற்றுக்கொள்வதைப் பொறுத்தது. தலைமையற்ற வலையில் பயனாளியும் காவலரும் ஒருவரே. குவாண்டம் கணினி என்றைக்கு வரும் என்பதைப் பற்றி நிபுணர்களின் அபிப்பிராயங்கள் வேறுபடலாம். அது வந்தபிறகு செய்யும் எந்தத் திருத்தமும், அதற்கு முன் பழைய பூட்டுடன் சென்று பிறர் கையில் தங்கிவிட்ட செய்திகளை மீட்காது என்பதில் மட்டும் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு இடமில்லை. நாம் தாமதிக்கும் ஒவ்வோர் ஆண்டும், அந்த ஆண்டில் நம்மை நம்பிப் பேசியவர்களின் கணக்கிலேயே பற்று வைக்கப்படுகிறது.